ஆற்றிலிருந்து எடுத்த குப்பை எங்கே போகும்?

குன்னூர் பக்கம் எங்கள் காலனிக்குக் கீழே ஓடும் ஆற்றைச் சுத்தம் செய்ய மாணவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கியபோது, எனக்கு வழி சொல்ல ஒருவரும் இல்லை. கையிலிருந்த காசு போனது, உடம்பு படுத்தது, அக்கம்பக்கத்தில் மனஸ்தாபமும் வந்தது. இன்றைக்கு ஆறு முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் பட்ட அலைச்சலில் பாதி, யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். மலையில் வேறு ஊரில் யாராவது இதே வேலையில் இறங்கினால் உதவட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்களுடையது தாயகம் திரும்பியோர் காலனி. 1964-இல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள். என் தாத்தா பாட்டியும் அப்படி வந்தவர்கள்தான். அங்கேயும் கொழுந்து பறித்தார்கள், இங்கேயும் கொழுந்துதான். வந்த புதிதில் இந்த ஆற்றிலிருந்துதான் குடிக்கத் தண்ணீர் மொண்டார்களாம். துணி துவைப்பவர்கள் பாலத்துக்குக் கீழேதான் போக வேண்டும் என்று ஊர்க் கட்டுப்பாடே இருந்ததாம். நான் பிறந்து வளர்ந்து வேலைக்குப் போகும் வரை அந்தத் தண்ணீரில் காலை நனைத்ததில்லை. ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் காலையில் பாலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போவது பழகிவிட்டது. இத்தனைக்கும் மேலே சோலையில் ஊறிக் கிளம்பும்போது அது கண்ணாடி மாதிரி தண்ணீர். தோட்டங்களுக்கு நடுவே இறங்கி, எங்கள் காலனியை உரசிக்கொண்டு போய், குன்னூர் ஆற்றில் சேர்ந்து, மலை இறங்கி பவானியில் கலக்கிறது. கீழே எத்தனையோ ஊர்க்காரர்கள் குடிப்பது அந்தப் பவானியைத்தான்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. நான் படித்த கல்லூரியில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலராக இருக்கும் ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். "பிள்ளைங்க ரெடியா இருக்காங்கம்மா, இடத்தை மட்டும் காட்டு" என்றார். எங்கள் ஊர்ப் பள்ளியில் தேசிய பசுமைப் படை மாணவர்களும் வருகிறோம் என்றார்கள். கல்லூரிக்குத் தோதுப்பட்டது செப்டம்பர் கடைசி. அது தப்பான காலம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. நீலகிரி என்றாலே ஆடி மழைதான் என்று வெளியூரில் நினைப்பார்கள். அந்தத் தென்மேற்குப் பருவமழை கொட்டுவதெல்லாம் கூடலூர், குந்தா பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததே, அது அந்த மழை. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆற்றில் இறங்க எங்கள் பக்கம் சரியான காலம் தை, மாசி. தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே போய்விடும், எடுத்து வைக்கும் குப்பையும் காயும். காலையில் உறைபனி இருக்கும், காட்டெருமைகளும் தண்ணீருக்கு இறங்கியிருக்கும். அதனால் ஒன்பதரை மணிக்கு மேல் இறங்கினால் போதும். கல்லூரியில் பேசும்போது ஒரு நாள் வாருங்கள் என்று கேட்காமல், உங்கள் ஊரைத் தத்தெடுத்த கிராமமாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். என்.எஸ்.எஸ். மாணவர் ஒருவர் வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அந்த மணி நேரங்கள் உங்கள் ஆற்றுக்கு வருஷம் முழுக்கப் பிரிந்து வர வேண்டும் என்றால், ஜூன், ஜூலையில் கல்லூரி திறந்ததுமே போய்க் கேட்க வேண்டும்.

முதல் நாள் நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். கடையில் வாங்கிய மெல்லிய கையுறை அரை மணி நேரத்தில் கிழிந்து தொங்கியது. கட்டட வேலைக்காரர்கள் போடும் தடித்த ரப்பர் கையுறைதான் தாங்கும்; விலை அதிகம், ஆனால் கழுவிக் கழுவிப் பல தடவை போடலாம். காலுக்கு, கொழுந்துக்குப் போகிறவர்கள் போடும் கம்பூட்ஸ் போதும். ஆனால் முழங்கால் ஆழத்துக்கு மேல் அதோடு இறங்க விடாதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் காலைத் தூக்க முடியாமல் ஆள் சாய்ந்துவிடும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம், பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தாலும் சரி. அவர்களுக்குக் கரையில் வேறு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஆற்றில் குப்பை என்றால் மிதக்கிற பாட்டிலும் கவரும்தான் கண்ணில் படும். கையை விட்டால்தான் தெரியும், பெரும்பாடு துணியில்தான் என்று. ஒரு சீகை மரத்து வேரில் நைலக்ஸ் சேலை ஒன்று சுற்றியிருந்தது. ஒரு பையன் முந்தானையைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. குனிந்து பார்த்தால், சேலையின் மடிப்பு மடிப்பாக மண் படிந்து, அந்த மண்ணில் புதுவேர் இறங்கி, துணியைத் தைத்துப் போட்டிருந்தது. அருவாளால் வேரை வெட்டாமல் துணியை மட்டும் அறுத்து அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள்ளே ஷாம்பு சாஷே, பால் கவர், ஊறி உப்பிய டயப்பர், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. எடுத்துப் பிழிந்து போட்ட பிறகும் அந்த ஒரு சேலையை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. ஊறிய துணியின் கனத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பினால் படியேறிக் கொண்டுபோக முடியாது.

கண்ணாடிச் சில்லும் நிறைய. மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடும் திட்டம் உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 மே மாதம் முதலில் எங்கள் நீலகிரியில்தான் வந்தது. அதற்குப் பிறகு புதுப் பாட்டில் ஆற்றில் விழுவது கண்கூடாகக் குறைந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய வருஷங்களில் உடைந்ததெல்லாம் மணலுக்குள் அப்படியே கிடக்கிறது. அதைக் கையால் துழாவக் கூடாது. தோட்டத்து முள்வாரியால் மணலைக் கிளறி இடுக்கியால் எடுங்கள், கனமான டப்பாவில் போடுங்கள். சாக்கில் போட்டால் தூக்குகிறவரின் முதுகைக் கிழித்துவிடும்.

சாயங்காலம் ஆனபோது கரையில் சாக்குகள் மலை போலக் குவிந்திருந்தன. பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். பிறகுதான் பாடு தொடங்கியது. வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்த அலுவலகத்தில் மறுநாள் கேட்டால், "இது எங்க லிமிட்ல வராதும்மா" என்றார்கள். இன்னொரு இடத்தில், ஆறு அவர்களுடையதாம், கரையில் வைத்த குப்பை அவர்களுடையது இல்லையாம். மூன்றாவது இடத்தில் மனுவை வாங்கி ஓரமாக வைத்தார்கள். இதற்கிடையே இரவில் காட்டுப்பன்றி வந்து சாக்கைக் கிழித்துப் போட்டது. கரையோர வீட்டுக்காரர் என் வாசலுக்கே வந்து சத்தம் போட்டார்: "ஆத்துல கிடந்தத எடுத்தாந்து எங்க வீட்டு வாசல்ல போட்டிருக்கே பிள்ளை, இதுக்குப் பேரு சுத்தமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சொந்தக் காசில் ஒரு பிக்கப் வண்டி பிடித்தேன். ஏற்ற இரண்டு ஆள். குப்பைக் கிடங்கு வாசலில் நிறுத்தி, சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஈரமும் மண்ணும் துணியும் கலந்திருக்கிறது, எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஏற்றியது ஏற்றியபடி திரும்பியது. டிரைவர் அண்ணன் இரண்டு நடைக்கும் காசு வாங்கிக்கொண்டு, "தங்கச்சி, அடுத்த தடவ இதுக்கு என்னைக் கூப்பிடாத" என்றார். ரோட்டோரம் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அந்த வாரமே மழை பிடித்தது. கீழே மிச்சமிருந்த சாக்குகளில் பாதியை ஆறு திரும்ப எடுத்துக்கொண்டு போனது.

சரியாக அப்போதுதான் காய்ச்சல். சாதாரண ஜுரம் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். நாலாம் நாள் கெண்டைக்கால் சதை தொட முடியாதபடி வலித்தது, கண் சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அக்காதான் "தண்ணியில ஏதாச்சும் இறங்கினியா?" என்று கேட்டார். இரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று வந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, தோலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே அந்தக் கிருமி உள்ளே போய்விடும். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல் காட்டும். ஒரு மாதம் வரை கூட ஆகலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கில் தீர்ந்துவிடும், விட்டால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். படுக்கையில் கிடந்தபோது எனக்கு என்னைப் பற்றிய பயத்தைவிட, அந்த நாற்பது பிள்ளைகளில் யாருக்காவது வந்துவிட்டதோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டேன். நல்லவேளை யாருக்கும் இல்லை. ஆனாலும் சில பெற்றோர் இனி அனுப்ப மாட்டோம் என்றார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆகவே இறங்குவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தடுப்பு மாத்திரை வேண்டுமா, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அவர் சொல்வார், டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ளலாம். கையில் காலில் கீறல் உள்ளவர்களைக் கரையிலேயே நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் "ஆற்றில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவர் தலையிலும் ஏற்றிவிடுங்கள்.

வண்டி வாடகை, கூலி, கையுறை, சாக்கு, சாப்பாடு, மருந்து, சம்பளமில்லா விடுப்பு எல்லாம் சேர்த்து எனக்கு 30,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். வீட்டில் யாரும் குத்திப் பேசவில்லை. அம்மா மட்டும் நகையை அடகு வைத்த ரசீதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுபடி எழுந்து நடந்தபோது, எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைக் காவலர் அக்காவிடம் எதேச்சையாகப் பேச்சுக் கொடுத்தேன். அத்தனை ஆபீஸிலும் கிடைக்காத பதில் அவரிடம் இருந்தது. "மண்ணை உதறி, காயவெச்சு, துணி வேற, பிளாஸ்டிக் வேற, கண்ணாடி வேறன்னு குடு. ஒரே நாள்ல கொண்டாந்து கொட்டாத, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா குடு. நான் வண்டியில ஏத்திக்கிறேன்." அவ்வளவுதான் விஷயம். சுத்தமான, காய்ந்த பிளாஸ்டிக் என்றால் பழைய பொருள் கடைக்குப் போகும். கடை எடுக்காத மெல்லிய கவர்களைச் சிமெண்ட் ஆலைகளில் எரிபொருளாக எடுக்கிறார்கள். மண்ணும் ஈரமும் இருந்தால் அதை யாரும் தொட மாட்டார்கள். ஆற்று வேலைக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது உங்கள் ஊர்த் தூய்மைக் காவலரை. அவர் வாரத்துக்கு எவ்வளவு ஏற்ற முடியும் என்கிறாரோ, அவ்வளவு மட்டும் ஆற்றிலிருந்து எடுங்கள். நாங்கள் அப்படித்தான் இப்போது செய்கிறோம். பத்துப் பேர், பாலத்திலிருந்து ஒரு வளைவு தூரம். எடுத்ததைப் பழைய கொட்டகைக்குள் கம்பியில் தொங்கவிட்டுக் காயவைத்துத் தருகிறோம். பெரிய பேனர் கட்டி நூறு பேரைக் கூட்டும் நிகழ்ச்சியைவிட இதில்தான் ஆறு தெளிகிறது.

அடுத்து நிலம் யாருடையது என்பது. எங்கள் ஆற்றின் மேல்பகுதி வனத்துறை, நடுவில் எஸ்டேட் பட்டா, காலனியை ஒட்டியது ஓடைப் புறம்போக்கு. மூன்றுக்கும் மூன்று அனுமதி. வன எல்லைக்குள் அனுமதி இல்லாமல் கால் வைத்தால் வழக்கு வரும், நல்ல காரியத்துக்குத்தான் போனோம் என்று சொல்லித் தப்ப முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (எந்த நிலம் யாருடையது என்ற பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) பார்த்துவிட்டு, சர்வே எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள். சர்வே எண் உள்ள மனுவை "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பிவிட முடியாது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள். உதவி செய்கிறேன் என்று ஒருவர் ஜே.சி.பி. அனுப்ப வந்தார். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். கரையிலுள்ள பெரணியும் நாணலும்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதை வழித்துவிட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், அடுத்த மழையில் கரை சரியும். மண்சரிவைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரையில் வேலை இருக்கிறது என்றேனே, அது எண்ணுவது. எடுத்த குப்பையை வகை பிரித்து நோட்டில் கோடு போட்டு எண்ணினார்கள். எங்கள் ஊரில் எல்லாரும் சுற்றுலாக்காரர்களைத்தான் குறை சொல்வோம். நீலகிரியில் பிளாஸ்டிக் ஒழிப்பு, கலெக்டராக இருந்த சுப்ரியா சாகு காலத்தில் 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே தொடங்கியது. இன்று செக்போஸ்டில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறார்கள். ஆனால் பிள்ளைகளின் நோட்டில் பாதிக்கு மேல் பால் கவர், எண்ணெய் கவர், சாஷே, டயப்பர், பழந்துணி. அதாவது எங்கள் வீட்டுக் குப்பை. அந்த நோட்டைக் காலனிக் கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசித்தபோது ஒருவரும் மறுக்கவில்லை. நான் வாசித்திருந்தால் சண்டை வந்திருக்கும்.

கூட்டம் முடிந்து, கடைசி வரிசை வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டார். "ஏம் பாப்பா, குப்பை வண்டி மேல ரோட்டோட நின்னுக்குது. முட்டி வலியோட நான் அத்தனை படி ஏறி வந்து போடணுமா? நீயே சொல்லு." முடியாதுதான். மலையில் பாதிப்பேர் ஆற்றில் கொட்டுவதற்குக் காரணம் இந்தப் படிக்கட்டு. மகளிர் குழு அக்காமார் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு மாதம் 30 ரூபாய்; வேலை தேடிக்கொண்டிருந்த இரண்டு தம்பிகள் வாரம் இரு முறை கீழ் வரிசையிலிருந்து குப்பையைத் தூக்கி மேலே வண்டியில் சேர்க்கிறார்கள். தனியாக இருக்கும் முதியவர்களிடம் காசு வாங்குவதில்லை. டயப்பரைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மட்டும் இன்னும் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வரவு செலவை நான் எழுதி, பால் சொசைட்டி சுவரில் மாதா மாதம் ஒட்டுகிறேன். பணம் கேட்கிற வேலையில் இதை ஒரு மாதம் கூட விடாதீர்கள். பாலத்துக்குக் கீழே கம்பி வலை கட்டினோம், நன்றாகத்தான் தடுத்தது. ஆனால் வலை அடைத்தால் மழையில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும், அதனால் புரட்டாசியிலேயே கழற்றிவிட வேண்டும்.

குடியரசு தினக் கிராம சபையில் இந்த ஏற்பாட்டைத் தீர்மானமாகப் பதிவு செய்தோம். அதன் பிறகுதான் கீழ் வரிசைக்குத் தொட்டியும் தள்ளுவண்டியும் வந்தன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஆற்றுக்கான கோரிக்கைக்கு அதைவிடத் தோதான நாள் இல்லை. முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டு, தீர்மானப் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.

இன்னும் பெரிய வேலை பாக்கி இருக்கிறது. பள்ளி அறிவியல் ஆசிரியர், மலக்கிருமி கலந்த தண்ணீரைக் கறுப்பாக்கிக் காட்டும் சோதனைக் குப்பிகள் வாங்கித் தந்தார். சோலை ஓரத்தில் பிடித்த தண்ணீர் இரண்டு நாள் ஆகியும் நிறம் மாறவில்லை. பாலத்தடியில் பிடித்தது மறுநாள் காலையிலேயே மையாகக் கறுத்திருந்தது. குப்பையை எவ்வளவு எடுத்தாலும், கழிவறைக் குழாய்கள் ஆற்றில் விழுந்துகொண்டிருக்கும் வரை அந்தத் தண்ணீரில் பிள்ளைகளை இறக்க முடியாது. வீடுகளுக்கிடையே உறிஞ்சுகுழி தோண்ட இடம் கிடையாது. நாலு ஐந்து வீட்டுக்கு ஒரு பொதுத் தொட்டி என்றால்தான் நடக்கும். என்.எஸ்.எஸ். பிள்ளைகள் இந்த முறை முகாமில் ஆற்றில் இறங்கப் போவதில்லை. எந்தெந்த வீட்டுக் குழாய் எங்கே விழுகிறது, தொட்டிக்கு எங்கே இடம் இருக்கிறது என்று வரிசை வரிசையாக டேப் பிடித்து அளந்து வரைபடம் போடப் போகிறார்கள். மே 1 கிராம சபைக்கு அந்த வரைபடத்தோடுதான் போகிறோம்.